எக்ஸ்பிரஸுக்கு நின்ற பாசஞ்சர்

போன வாரம் பத்திரிகையில் ஒரு வரைபடம் வந்தது. நாடு முழுவதும் அதிவேக ரயில் பாதைகள் எங்கெங்கே வரப்போகின்றன என்று சிவப்புக் கோடுகளாகப் போட்டிருந்தார்கள். கோடுகளை எண்ணிப் பார்த்தேன். இரண்டு முறை எண்ணி இரண்டு விடை வந்தது. சில கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. அதில் ஒன்று எங்கள் ஜில்லா வழியாகப் போகிறதா, பக்கத்தில் போகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. இப்படி அரைகுறையாக அச்சடிப்பதற்குச் சும்மா இருந்திருக்கலாம்.

காலையில் என்னோடு நடக்க வருகிறவர்கள் நாலு பேர். நாலு பேரும் என்னைத்தான் கேட்டார்கள். "நீங்க ரயில்வேயில இருந்தவரு, சொல்லுங்க, இதெல்லாம் நடக்குமுங்களா?" நடக்கும் என்றேன். நடந்தால் நல்லதுதானே என்றார்கள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்வதானால் ஒரு மத்தியானத்தை முழுக்கச் சொல்ல வேண்டும். அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு எண்பத்தெட்டு வயது முடிந்து நாலு மாதம் ஆகிறது. இனி எழுதி வைத்துவிடுவதுதான் சரி.

ஐம்பதுகளின் கடைசியில் ரயில்வேயில் பாதை பராமரிப்புப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். ஈரோட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷனில் வேலை. அந்தக் காலத்தில் அங்கே ஒற்றைப் பாதைதான். மெட்ராஸிலிருந்து மலையாளக் கரைக்குப் போகும் எக்ஸ்பிரஸும், மஞ்சள் மூட்டையும் நூல் சிப்பமும் ஏற்றிய சரக்கு வண்டியும், ஊர் ஊராக நின்று போகும் பாசஞ்சரும் அதே ஒரு ஜோடித் தண்டவாளத்தில்தான் போக வேண்டும், வர வேண்டும். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால், அல்லது பின்னால் வேகமான வண்டி வந்தால், ஒன்று ஸ்டேஷனில் பக்கத்துப் பாதையில் ஒதுங்கி நிற்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ்களின் வேகத்தைக் கூட்டுவதென்று மேலிடத்தில் முடிவாயிற்று. பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துக் கனமான தண்டவாளம் போட்டோம். தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளை நெருக்கி வைத்தோம். எங்கள் ஸ்டேஷனுக்குக் கிழக்கே இருந்த வளைவைக் கொஞ்சம் நிமிர்த்தினோம். நான் செய்தது எண்ணிக்கை. வந்து இறங்கிய கட்டை எத்தனை, அதில் வெடித்தது எத்தனை, ஆணி எத்தனை, ஜல்லி வண்டி எத்தனை. ஒரு கட்டை குறைந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. பாதை ஆட்களின் மேஸ்திரி என்னைப் பார்த்தாலே, "இன்னிக்கு எத்தன ஈ வந்து உக்காந்துதுன்னு எழுதிப்போட்டீங்களா?" என்பார். வேலை முடிந்து எக்ஸ்பிரஸ் முதல்முறையாக எங்கள் ஸ்டேஷனில் நிற்காமல் போன அன்று பிளாட்பாரத்தில் கடிகாரத்தோடு நின்றேன். முன்பு ஊர்ந்து போன வளைவில் அது சீறிக்கொண்டு வந்தது. அந்த வேகத்தில் என் பங்கும் இருக்கிறது என்று நெஞ்சு நிமிர்ந்தது. பொய் சொல்வானேன், நிமிர்ந்தது.

எங்களுக்கு ஒரே பெண். அப்போது அவளுக்கு நாலு வயது ஏழு மாதம். பாதையில் ஆட்கள் தள்ளிக்கொண்டு போகும் டிராலியில் ஒருநாள் உட்கார வைத்துக் கொண்டுபோனேன். அதிலிருந்து அந்த டிராலி அவளுடையது. வேறு யாராவது அதில் உட்கார்ந்தால் அழுவாள். எங்கள் பாதை இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தாலும் அழுவாள்.

ஒரு திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. செவ்வாய்க்கிழமை தொண்டை வலி என்றாள். கஷாயம் கொடுத்தோம். புதன்கிழமை காலையில் தண்ணீர் கொடுத்தபோது அது மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. கழுத்து இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. பக்கத்து மில்லின் மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே இருந்த டாக்டர் கரண்டிக் காம்பை வைத்து நாக்கை அழுத்திப் பார்த்தார். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி படர்ந்திருந்தது, நானும் பார்த்தேன்.

"தொண்டை அடைப்பான்" என்றார். "இதுக்கு மருந்து இங்க இல்லை. கோயம்புத்தூருக்கு உடனே கொண்டு போங்க. அந்தத் தோல் இறங்கிக் குழாயை அடைச்சுதுன்னா அவங்க கழுத்துல துளை போட்டு மூச்சு விட வைப்பாங்க. அதுக்குள்ள போய்ச் சேரணும்."

"எத்தனை நேரம் இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

"அதை யாராலயும் சொல்ல முடியாது. போங்க."

எனக்கு ஒரு எண் வேண்டியிருந்தது. அவர் தரவில்லை.

காலை பஸ் போய்விட்டது, அடுத்தது சாயங்காலம். மில் முதலாளி வீட்டில் கார் உண்டு. போய்க் கேட்டேன். "காரு மேட்டுப்பாளையம் போயிருக்குதுங்களே, பொழுதோடதான் வரும்" என்றார் காவல்காரர். மிச்சம் இருந்தது மத்தியானம் ஒரு மணி பத்து நிமிஷத்துக்கு வரும் பாசஞ்சர். கோயம்புத்தூருக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். அது ஒன்று பதினாறுக்கு வந்தது. என் மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பிளாட்பாரப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குழந்தையின் மூச்சை எண்ணினேன். நிமிஷத்துக்கு நாற்பத்தாறு. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே இழுத்தது.

இரண்டு நிமிஷத்தில் கிளம்ப வேண்டிய வண்டி கிளம்பவில்லை. கார்டு பிளாட்பாரத்தில் இறங்கி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கேட்டேன். "எக்ஸ்பிரஸ் இன்னைக்கு லேட்டுங்க. பின்னால வருது. அதை விட்டுட்டுத்தான் நம்மளை விடுவாங்க."

பெட்டிக்குள் எதிர்ப் பலகையில் ஈரோட்டிலிருந்து வந்த ஜவுளி வியாபாரி ஒருவர் சலித்துக்கொண்டார். "வேக வண்டி, வேக வண்டின்னாங்க. எங்குளுக்கு அதனால அரைமணி நேரம் கூடச் சேந்துதுங்க, அவ்வளவுதான்."

கீழே கூடையோடு உட்கார்ந்திருந்த தோட்ட வேலைக்காரப் பெண்மணி சொன்னாள்: "தோட்டத்துப் பண்ணாடி வண்டி வந்தா நாங்க பாதைய விட்டு எறங்கி ஒதுங்கி நிப்பமல்லங்க, சாமி? இன்னிக்கு நீங்களும் எங்களோட நில்லுங்க."

வியாபாரி சிரித்தார். வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எனக்கு ஒரு வழி தெரிந்தது. எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் ஜங்ஷன். அங்கே பாதை பிரியும். எக்ஸ்பிரஸ் போத்தனூர்ப் பக்கம் போய்விடும், பாசஞ்சர் கோயம்புத்தூர்ப் பக்கம் போகும். ஆகவே இந்த ஒரு ஸ்டேஷன் தூரத்தை மட்டும் எக்ஸ்பிரஸுக்கு முன்னால் பாசஞ்சர் கடந்துவிட்டால் போதும். பதினாறு நிமிஷ ஓட்டம். அதற்கு ஸ்டேஷன் மாஸ்டர் மனம் வைக்க வேண்டும். எக்ஸ்பிரஸைச் சிறிது நேரம் வெளியே நிறுத்த வேண்டியிருக்கும், மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் வரும். ஆனால் அவர் நல்ல மனிதர், எங்கள் பக்கத்துக்காரர், அவிநாசி. கேட்டால் செய்வார் என்று எனக்குத் தெரியும்.

"போய்ச் சொல்லிப்போட்டு வாரேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். ஸ்டேஷன் மாஸ்டர் அறை எங்கள் பெட்டிக்கு நேராக, நாற்பத்து மூன்று அடி நடை. அறையின் கடிகாரத்தில் ஒன்று இருபத்திரண்டு.

இப்போது நான் சொல்லப்போவதை எங்கள் பக்கத்தில் பிறக்காதவர்கள் நம்பமாட்டார்கள். அதற்கு முந்தின மாதம் அவர் மகளுக்கு அவிநாசியில் கல்யாணம் நடந்தது. பத்திரிகை வைத்து, வீட்டுக்கு வந்து தாம்பூலம் கொடுத்து அழைத்திருந்தார். நான் போகவில்லை. ஜல்லி வண்டி வந்துவிட்டது, எண்ணி இறக்க வேண்டியிருந்தது. கல்யாண லீவு முடிந்து அவர் வேலைக்குத் திரும்பியது அந்த வாரம்தான்; அதற்குப் பிறகு அவரை நேருக்கு நேர் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. போகாத கல்யாணத்தை, பார்த்தவுடன் முதலில் விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் தன் காரியத்தை ஆரம்பிக்கிறவன் மனிதனில் சேர்த்தி இல்லை. என் அப்பா அப்படித்தான், அவர் அப்பா அப்படித்தான். நான் யோசித்துச் செய்ததில்லை. வாசலில் செருப்பைக் கழற்றினேன். முகம் தானாகச் சிரித்துவிட்டது.

அவர் நாற்காலியைத் திருப்பினார். "வாங்க வாங்க. ரயில்வேக்காரருக்கு அவிநாசிக்கு வாரதுக்கு வண்டி கெடைக்கலீங்களாக்கும்?"

"தப்பாப் போச்சுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. கல்யாணம் நல்லபடியா ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க. உங்க பேரச் சொல்லி ஒரு எலை சேத்தியே போட்டிருந்தமுங்க. அதைச் சம்பந்தி ஊட்டுக்காரங்க தின்னுபோட்டாங்களா, காக்கா தின்னுதான்னு தெரியல."

"மாப்பிள்ளைக்கு ஊரு எங்கீங்க?"

"கோபிப் பக்கமுங்க. மஞ்சக் காடு, தண்ணிக்குக் கொறையில்ல. பையன் பேசத்தான் மாட்டான். எம் பொண்ணு ரெண்டு பேருக்கும் சேத்திப் பேசிருவா."

"அது போதுமுங்க. மறுஊடு வந்துட்டுப் போனாங்களா?"

"போன வெள்ளிக்கெழம வந்தாங்க. மூணு நாளு இருந்தாங்க." சிரித்துவிட்டுக் கேட்டார்: "உங்கூட்ல அம்மணி, பாப்பா எல்லாஞ் சௌக்கியமுங்களா?"

"சௌக்கியமுங்க" என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். அறுபது வருடமாக அந்த ஒரு சொல்லைத் திருப்பிப் பார்க்கிறேன். சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்று வாய் சொல்லும். அதைச் சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விட்டுவிட்டு, அப்புறம் "ஒரு காரியமா வந்தேனுங்க" என்று தொடங்குவதுதான் முறை. அந்த ஒரு மூச்சு நேரத்தில், பின் ஸ்டேஷனிலிருந்து எக்ஸ்பிரஸுக்கு வழி கேட்டு, மேஜைக்குப் பக்கத்தில் இருந்த கருவியில் மணி அடித்தது. கடிகாரத்தில் ஒன்று இருபத்தாறு.

அவர் எழுந்து போனார். மணிக்குப் பதில் மணி அடித்தார். போனில் ஜங்ஷனைக் கூப்பிட்டுப் பேசினார். கருவியிலிருந்து ஒரு இரும்பு உருண்டையை எடுத்தார். முன்னால் இருக்கும் பாதை ஒரு வண்டிக்குச் சொந்தம் என்பதற்கு அந்த உருண்டைதான் அடையாளம். அது எந்த டிரைவர் கையில் இருக்கிறதோ அவர்தான் போகலாம். அவர் அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, வெளியே போர்ட்டரிடம் கொடுத்தார். "எக்ஸ்பிரஸுக்கு எல்லாக் கைகாட்டியும் எறக்கிரு" என்றார். கைகாட்டி இறங்கினால் வண்டி நிற்காமல் போகலாம் என்று அர்த்தம். வேலையாக இருக்கிற மனிதரிடம் குறுக்கே பேசக்கூடாது என்று நான் கைகட்டி நின்றேன். நான் கட்டை எண்ணுகிற ஆள்தான். ஆனால் உருண்டை என்றால் என்ன என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் நின்றேன்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு சொன்னேன். குழந்தைக்குத் தொண்டை அடைத்துக்கொண்டு வருகிறது, பாசஞ்சரை முன்னால் அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். "இப்பத்தானே சௌக்கியம்னீங்க?"

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"ஏனுங்க, இத வந்தவொடனே சொல்லக் கூடாதுங்களா? எக்ஸ்பிரஸ்ஸ அஞ்சு நிமிஷம் வெளிய நிறுத்திப்போட்டு உங்கள அனுப்பியிருப்பனுங்களே. மெமோ வந்தா வந்துட்டுப் போகுது. இப்பக் கைகாட்டி எறங்கிப் போச்சுங்க. ஓடி வார வண்டி முகத்துல அதத் தூக்குனா என்ன ஆகும்னு உங்குளுக்கே தெரியுமுங்க."

இருந்தும் போனை எடுத்துப் பின் ஸ்டேஷனைக் கூப்பிட்டார். வண்டி அங்கிருந்து கிளம்பிவிட்டது. வண்டிகளின் ஓட்டத்தை நடத்தும் கண்ட்ரோல் ஆபீசைக் கூப்பிட்டார். என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் "சார், கொழந்த சார்" என்றது மட்டும் கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டார்.

நான் வெளியே வந்தேன். பெட்டிக்குப் போகவில்லை. பிளாட்பாரத்தின் கிழக்குக் கோடியில் எங்கள் ஆட்களின் கருவிப் பெட்டி இருந்தது. அதில் சிவப்புக் கொடி இருக்கும். வண்டியை நிறுத்தி அதிலேயே குழந்தையை ஏற்றிவிட்டால் இருபது நிமிஷத்தில் போத்தனூர். அங்கிருந்து ஒரு டாக்சி. பெட்டியைத் திறந்து கொடியை எடுத்துக்கொண்டு வளைவைப் பார்த்து நடந்தேன். மேஸ்திரி எதிரில் வந்தார். என் முகத்தைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். கேலி பேசவில்லை.

"எங்கீங்க போறீங்க?"

"அதை நிறுத்தோணும்."

"நீங்க வளைவுக்கு அக்கட்டாலயே நின்னாத்தான் அது நிக்குமுங்க. இங்கிருந்து காட்டுனா டிரைவர் பாக்கறதுக்கும் நம்மளத் தாண்டறதுக்கும் சரியா இருக்கும்."

அவர் சொன்னது சரி. அந்த வளைவை அளந்தவர்களில் நானும் ஒருவன். வளைவுக்கு அந்தப் பக்கம் போக எத்தனை தண்டவாள நீளம், ஒரு தண்டவாளத்துக்கு எத்தனை கட்டை, ஒரு கட்டைக்கு எத்தனை வினாடி என்று நின்ற இடத்தில் கணக்குப் போட்டேன். ஓடியிருந்தால் போயிருக்கலாம் என்று விடை வந்தபோது தண்டவாளம் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது. மேஸ்திரி என் கையைப் பிடித்துப் பாதையிலிருந்து இழுத்தார்.

எக்ஸ்பிரஸ் வந்தது. நாங்கள் போட்ட தண்டவாளத்தில் ஒரு குலுக்கல் இல்லாமல் வந்தது. போர்ட்டர் தூக்கிப் பிடித்த வளையத்தை என்ஜினிலிருந்து ஒரு கை பிடுங்கிக்கொண்டு போயிற்று. ஒரு ஜன்னலில் ஒருவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் பெட்டிகளை எண்ணினேன். பதின்மூன்று. என் குழந்தை அங்கே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது பெட்டிகளை எண்ணினேன். சுருட்டின கொடி சுருட்டினபடியே என் கக்கத்தில் இருந்தது.

எக்ஸ்பிரஸ் ஜங்ஷனைக் கடந்த தகவல் வந்து, பாசஞ்சர் கிளம்பும்போது ஒன்று ஐம்பத்து மூன்று. நான் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் நுழைந்ததிலிருந்து முப்பத்தொரு நிமிஷம். அந்தத் தோட்ட வேலைக்காரப் பெண்மணி கீழே உட்கார்ந்தபடி முந்தானையால் குழந்தைக்கு விசிறிக்கொண்டே வந்தாள். வியாபாரி எழுந்து நின்றுகொண்டு, குழந்தையைப் படுக்க வைக்கச் சொல்லித் தன் இடத்தைக் கொடுத்தார். படுக்க வைத்தால் மூச்சு இன்னும் திணறியது; மறுபடி நிமிர்த்திப் பிடித்தோம். ஜங்ஷனில் மூச்சு ஐம்பத்தெட்டு. பீளமேட்டில் எண்ண முடியவில்லை. சத்தம் மட்டும் இருந்தது, சின்ன ரம்பம் அறுப்பது போல.

ஆஸ்பத்திரியில் எங்களைக் காக்க வைக்கவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். வாசலிலேயே ஒரு நர்ஸ் அவளைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே வந்தார். கதவைச் சாத்தினார்கள். பதினோரு நிமிஷம் கழித்துத் திறந்தார்கள். துளை போட்டிருந்தார்கள், ஆனால் அதற்குள் இருதயம் நின்றுவிட்டது.

நான் டாக்டரிடம் கேட்டேன்: "முப்பத்தொரு நிமிஷம் முன்னால வந்திருந்தா?"

அவர் இளவயதுக்காரர். என்னை விட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். "நேத்தே வந்திருக்கணும்" என்றார். அது என் கேள்விக்குப் பதில் இல்லை. மறுபடி கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஸ்டேஷன் மாஸ்டர் துக்கம் கேட்க வந்தார். இரண்டு கையையும் நீட்டினார், நான் தொட்டேன். அதுதான் வழக்கம். பிறகு ஏதாவது சொல்ல வேண்டும். வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "நானாச்சும் எந்திரிச்சு வந்து வண்டிய ஒருக்காப் பாத்திருக்கோணுமுங்க" என்றார். அந்த வருடமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் போகவில்லை.

அறுபதுகளின் கடைசியில் எங்கள் பகுதியில் இரண்டாவது பாதைக்கு மண் கொட்டத் தொடங்கினார்கள். அதற்கும் நான்தான் எண்ணிக்கை. போக ஒன்று, வர ஒன்று. எக்ஸ்பிரஸ்களை இன்னும் வேகமாக விடலாம், பாசஞ்சர் இவ்வளவு நேரம் நிற்க வேண்டி வராது என்று இன்ஸ்பெக்டர் விளக்கினார். அன்று மத்தியானம் சாப்பிட வந்தபோது அதை மனைவியிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பது போல இருந்தது.

அவள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அந்த நாளைப் பற்றி அதுவரை அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் அந்த அறையில் என்ன பேசினேன் என்று நானும் சொன்னதில்லை. அந்த முப்பத்தொரு நிமிஷத்தையும் அவள் ரயில்வேயின் கணக்கிலேயே எழுதட்டும் என்று விட்டிருந்தேன்.

"அன்னிக்கு ஜன்னல்ல இருந்து உங்களப் பாத்துட்டே இருந்தேனுங்க" என்றாள். "நீங்களும் மாஸ்டரும் சிரிச்சுப் பேசிட்டு இருந்தீங்க. சரி, வண்டி கெளம்பீரும்னு நெனச்சேன். பாப்பாளுக்கு அதத்தான் சொன்னேன். 'அப்பா சிரிக்கறாரு பாரு கண்ணு, இப்பப் போயிரலாம்'னு."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ திரும்பிப் பாத்தாளுங்க. உங்களப் பாத்துட்டு, தலைய ஆட்டுனா."

சொல்லிவிட்டு அவள் உரித்த மொச்சையை முறத்தில் ஒதுக்கினாள். கோபம் இல்லை, அழவும் இல்லை. என்ன பேசிச் சிரித்தேன் என்று அப்போது அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. நானாகச் சொல்ல வாயைத் திறந்தேன். "சோறு ஆறுதுங்க" என்றாள். சாப்பிட்டேன்.